கேமரா சும்மா சும்மா ரீஸ்டார்ட் ஆகிறதா? விலானைப் பாருங்கள்

கேமராக்களை விலான் 20-க்கு (விலான், VLAN: ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) மாற்றிய அன்றே ஒவ்வொன்றும் அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. கேபிள் மேல் சந்தேகப்பட்டு ஒரு மாலையை வீணாக்கியதுதான் மிச்சம், ஏனென்றால் வேலையைக் காட்டியது ஸ்விட்சின் தானியங்கிக் கண்காணிப்பு. கேமராவின் ஐபிக்கு அது பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பிக்கொண்டே இருக்கும், பதில் வராவிட்டால் சாதனம் தொங்கிவிட்டது என்று நினைத்து அந்தப் போர்ட்டின் பிஓஇ (PoE, நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகும்) மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும். ஸ்விட்சின் சொந்த ஐபி இன்னும் விலான் 1-லேயே இருந்தால், நடுவில் ரவுட்டர் இல்லாமல் பதில் எப்படி வரும்?

முதலில் கண்காணிப்பை அணையுங்கள். அப்புறம் கேமரா போர்ட்டைப் பாருங்கள்: 20-ல் அன்டேக்டு (விலான் எண் ஒட்டாமல் அனுப்புவது) என்று போட்டுவிட்டு பிவிஐடியை (PVID, எண் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலானில் சேர்ப்பது என்ற அமைப்பு) 1-லேயே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு, அப்படி இருந்தால் கேமராவுக்குப் போவது போகும், அது அனுப்புவது விலான் 1-ல் போய் விழும். அப்லிங்கில் (அடுத்த ஸ்விட்ச் அல்லது ரவுட்டரோடு சேரும் இணைப்பில்) 20 இரண்டு பக்கமும் டேக்டு ஆக (விலான் எண் ஒட்டி அனுப்புவதாக) இருக்க வேண்டும்.

சரி, இப்போது ஸ்விட்சுக்கு 20-லும் ஒரு ஐபி கொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஸ்விட்சில் டீஃபால்ட் கேட்வேயாக ரவுட்டரின் ஐபியைப் போட்டு அதன் வழியாக விடுங்கள். மேனேஜ்மென்ட் விலானையே (ஸ்விட்சின் அமைப்புகளுக்குள் நுழையும் விலானை) மாற்றுவதானால் பழைய விலானில் ஒரு போர்ட்டை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்விட்சிலிருந்தே கையால் பிங் அடித்து, பதில் வந்த பிறகு கண்காணிப்பைப் போடுங்கள். காத்திருப்பு நேரம் கேமரா பூட் ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.