ஆன்லைன் பட்டப்படிப்பில் சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் இருக்கும் பெயரும் பட்டச் சான்றிதழில் அச்சாகப்போகும் பெயரும் ஒன்றுதானா? பள்ளி முடித்துவிட்டு ஆன்லைனில் பட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பல படிப்புகளை விற்பது ஒரு நிறுவனம், பட்டம் தருவது வேறொரு பல்கலைக்கழகம். அது தவறில்லை. ஆனால் உங்களிடம் அடிக்கடி ஃபோனில் பேசும் ஆலோசகர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் விற்பனையாளர். அதனால் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்துக்கே போய், அந்தப் படிப்பு அங்கே பட்டியலில் இருக்கிறதா, அது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா என்று பாருங்கள்.

அடுத்தது அங்கீகாரம். இணையதளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போலிப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு அங்கீகாரம் தர ஒரு போலி அமைப்பையும் சேர்த்தே உருவாக்கிக்கொள்ளும். அரசின் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். இந்தியாவில் யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்புகளான ஆஸ்திரேலியாவின் டெக்சா (TEQSA), மலேசியாவின் எம்க்யூஏ (MQA), அமெரிக்காவில் கல்வித்துறையின் தரவுத்தளம் என்று பல நாடுகளில் இப்படி ஒன்று உண்டு. இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்றதும் நிம்மதியாகி விடுகிறார்கள். நேரடி வகுப்புக்கான அனுமதி வேறு, ஆன்லைன் படிப்புக்கான அனுமதி வேறாக இருக்கலாம். இந்தியாவில் அனுமதி படிப்புவாரியாகவும் கல்வியாண்டுவாரியாகவும் தரப்படுகிறது. எனவே உங்கள் படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு, ஆன்லைன் முறை ஆகிய மூன்றும் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். பார்த்த பக்கத்தை தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் தேவைப்படும் தொழில் உங்கள் கனவா? செவிலியர், ஆசிரியர், பொறியாளர், வழக்கறிஞர், உளவியல் ஆலோசகர் போன்ற வேலைகளுக்குப் பட்டம் மட்டும் போதாது. உரிமம் தரும் கவுன்சில் அந்தப் பட்டத்தை ஏற்க வேண்டும். ஆய்வகப் பயிற்சியும் மருத்துவமனைப் பயிற்சியும் திரை வழியாக முடியாதவை. அவற்றை எங்கே, எத்தனை மணி நேரம் செய்வது, அந்த இடத்தை யார் ஏற்பாடு செய்வது என்று கேளுங்கள். பதிலை கவுன்சிலிடமிருந்தே மின்னஞ்சலில் வாங்குங்கள். கல்லூரி ஃபோனில் சொல்லும் உறுதி நான்கு ஆண்டு கழித்து எதற்கும் உதவாது.

இனி, யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காத விஷயம்: நேரம். படிப்பின் சுமையை அளக்கும் அலகுதான் கிரெடிட். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, முழுநேரப் படிப்பில் ஆண்டுக்கு 60 கிரெடிட். மொத்தம் 1500 முதல் 1800 மணி நேரம். 40 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 37 முதல் 45 மணி நேரம். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பும் என்பது பொதுவான அளவு. 15 கிரெடிட் எடுத்தால் அங்கேயும் 45 மணி நேரம். ஆன்லைன் என்பதால் பயண நேரம்தான் மிச்சம், படிக்கும் நேரம் குறையாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர் பாதிச் சுமை எடுத்தாலும் ஏழு நாளும் தினமும் மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரு தாளில் உங்கள் வாரத்தை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். அந்த மூன்று மணி நேரம் தாளிலேயே கிடைக்கவில்லை என்றால் படிப்புக் காலத்தை நீட்டிக்கொள்ள அனுமதி உண்டா, அதிகபட்சம் எத்தனை ஆண்டுகள் என்று கேளுங்கள்.

'உங்கள் வேகத்தில் படிக்கலாம்' என்ற வாசகத்தில் எச்சரிக்கை தேவை. பள்ளியில் மணியடித்தால் எழுந்து, ஆசிரியர் கேட்டால் எழுதிப் பழகியவருக்கு, கெடுவே இல்லாத படிப்பு பெரிய சோதனை. பாடம் தேங்கும், கடைசி மாதத்தில் ஒன்றாக வந்து மோதும். பள்ளி முடித்த உடனே சேர்பவர்களுக்கு, வாரந்தோறும் ஒப்படைப்பு கேட்கும் படிப்பே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதல் பருவப் பாடம் ஒன்றின் முழுப் பாடத்திட்டத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஒப்படைப்புத் தேதிகள், விடைத்தாள் எத்தனை நாளில் திருத்தி வரும், திருத்துவது ஆசிரியரா மென்பொருளா, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பவை தெரிய வேண்டும். நேரலை வகுப்பு இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் பாருங்கள். பிற நாட்டு மாலை வகுப்பு உங்களுக்கு நள்ளிரவாக இருக்கலாம்.

தேர்வு முறையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் கேமராவில் அடையாள அட்டையைக் காட்டி, அறையையும் மேஜையையும் மேஜைக்கு அடியையும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். இடையில் யாராவது உள்ளே வந்தால் அது முறைகேடாகப் பதிவாகலாம். தேர்வு முடியும்வரை வேறு எதையும் திறக்க விடாத பூட்டுப் பிரவுசர் பல மொபைல்களிலும் டேப்லெட்களிலும் ஓடாது, மடிக்கணினி வேண்டும். இணையம் பாதியில் அறுந்தால் என்ன விதி, மறுதேர்வு உண்டா, கட்டணம் எவ்வளவு? எழுத்தில் வாங்குங்கள். கதவைச் சாத்திக்கொள்ளும் தனி அறை வீட்டில் இல்லாதவர்கள், தேர்வு மையத்துக்கே போய் எழுதும் வாய்ப்புள்ள கல்லூரியைத் தேடலாம்.

கட்டணத்தை மாதத் தவணையாகப் பார்க்காமல் பட்டம் கையில் வரும் வரையிலான மொத்தமாகப் பாருங்கள்: பதிவு, தேர்வு, கண்காணிப்பு, மறுதேர்வு, பட்டமளிப்பு, நீட்டிப்பு என்று தனித்தனியே சேரும். பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தவணை என்ற பெயரில் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்களா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் படிப்பை விட்டாலும் கடன் நிற்காமல் ஓடக்கூடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், சேர்க்கை முடிய இரண்டு மாதம் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். அதே துறையில் நான்கு முதல் ஆறு வாரம் ஓடும் இலவச ஆன்லைன் பாடம் ஒன்றில் சேர்ந்து, எல்லா ஒப்படைப்புகளையும் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாடத்தோடு கூடவே போகிறீர்கள் என்றால் முழுச் சுமைக்குப் பதிவு செய்யலாம். பின்தங்கியிருந்தால் முதல் பருவத்தில் இரண்டே பாடம் எடுங்கள், அதற்கு அனுமதிக்கும் கல்லூரியில்.