கோட் சூட்டில் எங்கே துணியலாம், எங்கே கூடாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக சூட் தைக்கப் போகிறவர்களில் பலர் கறுப்பைத்தான் கேட்கிறார்கள். கறுப்பு எதற்கும் பொருந்தும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் முகம் களையிழந்து தெரிந்தது. தோளில் விழுந்த தூசி ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. என்னிடம் இருந்த பழுப்பு ஷூ அதோடு ஒட்டவே இல்லை. கோட்டை மட்டும் வேறு பேண்ட்டோடு போடவும் வழியில்லை. பத்திரம் என்று நினைத்து எடுத்த உடை, அலமாரியிலிருந்து மிகக் குறைவாக வெளியே வந்த உடையாக நின்றுவிட்டது.

அதன் பிறகு பல வருடம் தைத்தும் போட்டும் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. துணிச்சல் கூடியதாலோ குறைந்ததாலோ கெடும் உடைகள் கொஞ்சம்தான். அடங்கிப் போக வேண்டிய இடத்தில் துணிந்துவிட்டு, துணிய வேண்டிய இடத்தில் ஒதுங்குவதால் கெடுபவையே அதிகம்.

கறுப்பே பத்திரம் என்று எண்ணுவது

கருநீலமும் கருஞ்சாம்பலும் முகத்தை எடுப்பாகக் காட்டும். கறுப்பு ஷூ, கரும்பழுப்பு ஷூ இரண்டும் அவற்றோடு சேரும். நேர்காணல், திருமணம், அலுவலகம் எதற்கும் போகலாம். கறுப்பு இரவுக்கும் துக்கத்துக்கும் உரியது. இரவிலும்கூட அதற்குப் போட்டி உண்டு: விளக்கொளியில் கறுப்புத் துணி சில சமயம் பச்சை பாய்ந்தது போலத் தெரியும், நள்ளிரவு நீலம் என்னும் மிகக் கருத்த நீலமோ கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். பின்னாளில் விண்ட்சர் கோமகன் ஆன பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டு, இரவு விருந்து உடைக்கு இந்த நீலத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்.

இன்று பத்திரம் என்று நாம் சொல்லும் கருநீலக் கோட்டே ஒரு காலத்தில் பெரிய துணிச்சல்தான். பட்டும் பூவேலைப்பாடும் ஆணின் உயர்ந்த உடையாக இருந்த வழக்கம் மறைந்துகொண்டிருந்த லண்டனில், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உடை நேர்த்திக்குப் பேர்போன போ பிரம்மல் வேலைப்பாடே இல்லாத நீலக் கம்பளிக் கோட்டும் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துத்துணியுமாக நடந்தார். அவருடைய கவனமெல்லாம் வெட்டிலும் சுத்தத்திலும் இருந்தது. அலங்காரம் போனதும் தையலில் ஒரு பிழை ஒளிந்துகொள்ளவும் இடமில்லாமல் போனது. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அந்த நிலையில்தான் நிற்கிறோம். அதனால்தான் அடுத்து வரும் தவறை எல்லாவற்றிலும் பெரியது என்பேன்.

அளவில் சோதனை செய்வது

நிறமான டை கட்டத் தயங்குகிறவர், அந்த வருடம் கடையில் தொங்கும் இறுக்கமான குட்டைக் கோட்டைத் தயங்காமல் வாங்கிவிடுகிறார். எல்லோரும் போடுவதால் அது துணிச்சலாகவே தோன்றுவதில்லை. ஆனால் உடையில் நிறத்தைவிட வேகமாகப் பழசாவது அளவுதான். 1980-களில் இத்தாலிய உடை வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானியின் செல்வாக்கில் தோள் அகன்றது, லேப்பல் எனும் மார்பு மடிப்பு கீழே இறங்கியது, கோட் தளர்ந்தது. 2000-களில் அமெரிக்க வடிவமைப்பாளர் தாம் பிரவுன் கணுக்கால் தெரியும் பேண்ட்டையும் சுருங்கிய கோட்டையும் கொண்டுவந்தார். அவர்கள் இருவரும் யோசித்துச் செய்தவர்கள். தோளை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றினார்கள். அவற்றின் நீர்த்துப்போன நகல்களை "சாதாரண சூட்" என்று நம்பி வாங்கியவர்களுடைய புகைப்படங்கள், எந்த வருடத்தில் எடுத்தவை என்பதை இன்று தாமாகவே சொல்லிவிடுகின்றன.

அளவு என்று வந்தால் நடுவில் நிற்பதே நல்லது. தோள் தையல் உங்கள் தோள்முனையில் முடிய வேண்டும். அதற்குக் கீழே கையில் குழி விழுந்தால் தோள் பெரியது. கோட்டுக் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கக்கூடாது. கோட்டின் நீளம் பின்புறத்தை மூட வேண்டும். பட்டன் போட்டதும் இடுப்பில் பெருக்கல் குறி போல மடிப்புகள் இழுத்தால் இறுக்கம். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரையோ தெரிய வேண்டும்.

இவற்றில் இடுப்பு, கை நீளம், பேண்ட் நீளம் எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். தோளை மாற்றுவது மட்டும் கோட்டைப் பிரித்து மறுபடி தைப்பதற்குச் சமம். நல்ல டெய்லர்களே அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஆகவே தோள் சரியில்லை என்றால், துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதோடு விட்டுவிடாதீர்கள். உட்காருங்கள், கையை முன்னால் நீட்டுங்கள், நாலடி நடந்து பாருங்கள். காலர் எழும்புவதும் முதுகு இழுப்பதும் அப்போதுதான் தெரியும்.

துணியின் எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. "சூப்பர் 150" என்று எழுதியிருந்தால் நூறைவிட உசத்தி, எனவே நம்பகமானது என்று நினைக்கிறார்கள். அந்த எண் கம்பளி இழையின் மென்மையைச் சொல்வது: 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரான் வரை, 150 என்றால் 16.25 மைக்ரான் வரை. இழை மெலிய மெலியத் தொட வழவழப்பாக இருக்கும். ஆனால் பொதுவாகச் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். அடிக்கடி போடப் போகிற ஒரே சூட்டுக்கு 100, 110 போதும்.

கையகலத் துண்டைப் பார்த்து முடிவெடுப்பது

அளவு பிடிபட்ட பிறகு எனக்குத் துணிச்சல் வந்தது. மாதிரிப் புத்தகத்தில் ஒரு கட்டம் போட்ட துணியைப் பார்த்தேன். சாம்பல் அடித்தளம், மேலே நீலக் கோடு. உள்ளங்கை அளவில் அவ்வளவு அமைதியாக இருந்தது. தைத்து வந்ததும் அதே துணி ஆள் உயரத்துக்குக் கத்தியது. தையலில் ஒரு குறையும் இல்லை, டெய்லர் மேல் பிழையே சொல்ல முடியாது. சிறிய துண்டில் கட்டத்தின் ஒரு சுற்றுகூட முழுதாகத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. இறுக்கமான சிறு நெசவுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: கிட்டத்தில் பளிச்சென்று தெரியும் கறுப்பும் வெள்ளையும் பத்தடி தூரத்தில் கலந்து வெறும் சாம்பலாகிவிடும்.

அதிலிருந்து, டிசைன் உள்ள துணி என்றால் குறைந்தது ஒரு மீட்டராவது விரித்துத் தோளில் போட்டுப் பார்க்கிறேன். ஜன்னல் பக்கம் போய் ஒரு தடவை, பத்தடி தள்ளி இன்னொருவரைப் பார்க்கச் சொல்லி ஒரு தடவை. அந்தப் பழைய சூட்டின் கோட்டைச் சாதாரண சாம்பல் பேண்ட்டோடு தனியாகப் போட்டபோது நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அமைதி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரே நாளில் எல்லா இடத்திலும் துணிவது

கட்டம் போட்ட கோட், பெரிய பூப்போட்ட டை, நிறமான காலுறை, கோட்டின் மார்புப் பையில் நாலு முனை நீட்டிய கைக்குட்டை. ஒவ்வொன்றும் தனியாக நல்ல பொருளாக இருக்கலாம். சேர்ந்து வந்தால் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு உடையில் ஒரு இடம் பேசட்டும். கோடு, கட்டம் என்று இரண்டு டிசைன்களைச் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அளவில் வித்தியாசம் இருக்கட்டும்: சட்டையில் மெல்லிய கோடு, டையில் அகன்ற கோடு. இரண்டும் ஒரே அகலத்தில் வந்தால் கண் கூசும்.

டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் செட்டாகப் பெட்டியில் வருவதை வாங்க வேண்டாம். பத்திரமாகப் போக வேண்டுமென்றால் வெறும் வெள்ளைக் கைக்குட்டை எப்போதும் இருக்கிறது.

இன்னொருவரின் அலட்சியத்தைக் கடன் வாங்குவது

ஃபியட் நிறுவனத்தை நடத்திய ஜான்னி ஆக்னெல்லி, கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்கு மேலே கட்டிக்கொள்வார். சூட்டோடு மலையேறும் பூட்ஸ் போட்டிருக்கிறார். இதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைச் சட்டை மேல் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். இத்தாலியர்களிடம் இதற்கு ஸ்ப்ரெட்சதூரா என்று ஒரு சொல் உண்டு. 1528-ல் அச்சான ஓர் இத்தாலிய நூலில் அரசவை மனிதருக்கான குணமாகச் சொல்லப்பட்டது: செய்வதற்குப் பட்ட பாட்டை மறைத்து, இயல்பாக வந்தது போலக் காட்டுவது. பாடுபட்டிருக்க வேண்டும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. ஆக்னெல்லியின் மற்ற உடையைப் பாருங்கள். அருமையாகத் தைத்த சூட், சரியான தோள், நல்ல சட்டை. அந்த ஒழுங்கின் நடுவே இருந்ததால் ஒரு சின்ன மீறல் அவருடைய குணமாகத் தெரிந்தது. தோள் தொங்கும் கோட்டில் அதே கடிகாரம் வெறும் மறதியாகத்தான் தெரியும்.

டையின் பின்வாலை வேண்டுமென்றே நீளமாக விடுவது, முனையில் பட்டன் போடும் சட்டைக் காலரில் அந்தப் பட்டனைத் திறந்து விடுவது எல்லாமே இந்த வகைதான். உங்களுக்கே ஏதாவது பழக்கம் இருந்தால் அது தானாக உடையில் வரும். அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இடத்தை மறந்துவிடுவது

2014 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா மென்பழுப்பு சூட்டில் செய்தியாளர்களைச் சந்தித்தார். கோடைகாலத்துக்கு அது ஆண்களின் மரபான நிறம்; ரொனால்ட் ரேகனும் பழுப்பு சூட் போட்ட அதிபர்தான். ஆனால் அன்று பேச்சு சிரியாவையும் இஸ்லாமிய அரசு அமைப்பையும் பற்றியது. சொன்னதற்குச் சமமாகச் சூட்டைப் பற்றியும் பேசினார்கள். அந்த விமர்சனத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அதில் நமக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது: உங்கள் பேச்சு முக்கியமான நாளில், உடை பேச்சோடு போட்டியிடக்கூடாது. நேர்காணல், நீதிமன்றம், துக்க வீடு, இன்னொருவரின் திருமணம். இங்கெல்லாம் கருநீலமோ கருஞ்சாம்பலோ போதும், ஆசையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

துணிய வேண்டிய இடத்தில் ஒதுங்கிப்போவது

அளவும் நிறமும் அமைதியாக இருக்கும் ஒருவர் அங்கேயே நின்றுவிடுவதும் தவறுதான். வழவழப்பான கருநீல சூட், வழவழப்பான டை, பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ என்று வருடக்கணக்கில் ஒரே மாதிரி போவார். அடுத்த அடி நிறத்தில் இருக்கும் என்று நினைத்துச் சிவப்பு டைக்குத் தாவுவார். நான் துணியின் தன்மையை மாற்றச் சொல்வேன். அதே சாம்பல், ஆனால் மெல்லிய ரோமம் எழும்பிய ஃபிளானல். அதே கருநீலம், ஆனால் நெசவு தெரியும் டை. பின்னல் டை இன்னும் நல்லது. முடிச்சு கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் அழகாகவே இருக்கும். இவை தூரத்திலிருந்து பார்த்தால் பத்திரமான உடை. பக்கத்தில் வந்து பேசுகிறவருக்கு மட்டும் வேறு ஒன்று தெரியும்.

முதல் துணிச்சல் எது என்று கேட்டால் என் பதில் கரும்பழுப்பு ஸ்வேட் ஷூ, அதாவது மெல்லிய ரோமம் எழும்பிய தோலில் செய்தது. எட்வர்டு இளவரசராக இருந்தபோது நீல சூட்டோடு அதைப் போட்டார். பழுப்பு ஷூவும் ஸ்வேட்டும் கிராமப்புறத்துக்கு உரியவை என்று இருந்த அன்றைய கண்ணுக்கு அது உறுத்தியது. இன்று யார் கண்ணையும் உறுத்தாது. கருநீலம், சாம்பல் இரண்டோடும் சேரும், பளபளப்பு இல்லாததால் சூட்டின் இறுக்கம் கொஞ்சம் தளரும். முதல் முறை போடும்போது முக்கியமான நாளுக்கு வேண்டாம், சாதாரண வேலைநாளில் போடுங்கள். மதியத்துக்குள் காலில் என்ன இருக்கிறது என்பது மறந்துபோனால் அது உங்களுடையதாகிவிட்டது. வாங்கும்போதே ஸ்வேட்டுக்கான பிரஷ்ஷும் ஒன்று வாங்கிவிடுங்கள். அழுக்கு காய்ந்த பிறகு ஒரே பக்கமாகத் தேய்த்தால் ரோமம் மறுபடி எழுந்துவிடும்.