கத்திரி வெயிலில் கேமிங் லேப்டாப்: 70,000 ரூபாயில் எங்கே சறுக்குகிறோம்?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை. ஆற்றையும் கோட்டையையும் விட்டுவிடலாம். அந்த மொட்டை மலைகளுக்கு நடுவில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் இருக்கிறதே, கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. என் அக்கா மகனும் எடுக்கவில்லை. கூடப் போன நானும் எடுக்கவில்லை.

அவன் கல்லூரியில் சேர்ந்தபோது 70,000 ரூபாயைச் சுற்றி ஒன்று தேடினோம். கடையில் ஒரு மெல்லிய மாடலைக் காட்டி, "ஆர்டிஎக்ஸ் 4050 சார், இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது" என்றார்கள். கேமின் படங்களைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டின் பெயர் அது. ஏசி குளிரில் கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வாங்கிவிட்டோம். சித்திரை பிறந்ததும் சத்துவாச்சாரியிலிருந்து போன்: "மாமா, அரை மணி நேரம் நல்லா ஓடுது. அப்புறம் திக்கித் திக்கி நிக்குது." அவன் அறைக்கு மேலே நேராக மொட்டை மாடி.

கார்டின் பெயரை மட்டும் பார்த்ததுதான் நாங்கள் செய்த தவறு. லேப்டாப்பில் வரும் 4050-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் மின்சாரம் விடலாம். அதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். மெல்லிய உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியாது என்பதால் அதில் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். பெயர் அதேதான், ஓட்டம் வேறு. குறைந்த வாட்டில் ஓடும் 4050-க்கும், முழு வாட்டில் ஓடும் விலை குறைந்த கார்டுக்கும் இடைவெளி நன்றாகச் சுருங்கிவிடும். இந்த வாட் கணக்கைக் கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டு நாமேதான் தேட வேண்டும்.

இதோடு ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. லேப்டாப் ஃபேன் அறையில் இருக்கும் காற்றைத்தானே இழுத்து ஊதுகிறது? கடையில் 24 டிகிரி, அவன் அறையில் 38. பிராசசர் 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் திக்கலுக்கு அதுதான் காரணம். அதனால் ஏசி ஷோரூமில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நம் ஊருக்கு, பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்று வழி உள்ள கொஞ்சம் தடித்த மாடல்தான் சரி. அழகு கம்மிதான், பரவாயில்லை. மெத்தை மேல் வைத்து விளையாடினால் எந்த மாடலும் மூச்சு முட்டும்.

கார்டில் இன்னொரு பொடி வைத்த விஷயமும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜிபி நினைவகத்தோடும் வருகிறது, 6 ஜிபியோடும் வருகிறது. வேலோரன்ட் மாதிரி லேசான விளையாட்டுகளுக்கு 4 ஜிபி போதும். புதிதாக வரும் பெரிய கேம்களுக்குப் பற்றாது. கார்டைப் பிறகு மாற்றவும் முடியாது.

பிராசசரில் இன்டெல் ஐ7 என்றதும் மயங்க வேண்டாம். எண்ணின் கடைசியில் 'யு' இருந்தால் அது பேட்டரியைச் சேமிக்கச் செய்தது. கேமுக்கு 'எச்' போட்ட ஐ5 மேல். ஏஎம்டியின் ரைசன் 7 7435எச்எஸ் பிராசசர் உள்ள லேப்டாப்புகளைப் பட்ஜெட் விலையில் பார்க்கலாம். வேகத்தில் குறையில்லை. ஆனால் அந்தச் சிப்புக்குள் தனியாகச் சின்ன கிராபிக்ஸ் கிடையாது. வகுப்பில் நோட்ஸ் அடித்தாலும் பெரிய கார்டுதான் விழித்திருக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் கரைந்துவிடும்.

ராம் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக வந்தால், இன்னொன்று போட ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு ஸ்டிக் சேர்ந்தால்தான் ஓட்டம் சீராகும். திரையைப் பொறுத்தவரை 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) என்ற ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாமல் நிறம் வெளிறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளையாடலாம் என்று நினைப்பவர்களுக்கு: முழு வேகத்தில் கேமிங் லேப்டாப் 200 வாட் வரை இழுக்கும். கிட்டத்தட்ட மூன்று சீலிங் ஃபேன் கணக்கு. வீட்டில் மற்றவர்கள் வேர்த்து வழியும்போது உங்களுக்கு என்ன பேச்சு விழும் என்று உங்களுக்கே தெரியும். பேட்டரியில் ஓட்டலாமே என்றால், அப்போது கார்டு பாதி தூக்கத்தில்தான் இருக்கும்.

வாரன்டியையும் விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம் என்பது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பணம் கட்டும் முன்பே வேலூரோ குடியாத்தமோ ஆற்காடோ, உங்கள் பின்கோடைச் சொல்லி ஆள் வருவார்களா, இல்லை நாம்தான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

அக்கா மகனின் லேப்டாப் இப்போது பின்பக்கம் இரண்டு ரெக்கார்டு நோட்டு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஃபிரேம் ரேட்டை நொடிக்கு 60 படங்களுக்குக் கட்டிப்போட்டான், சூடு குறைந்தது. பெரிய கேமெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான்.