புரூஃப் பார்க்கும்போது மனசு ஓடினால்

அச்சுப் பிழை தேடிக் கண் வரி வரியாக நகர்ந்துகொண்டிருக்கும். மனசோ கேஸ் சிலிண்டர் புக் பண்ணினோமா என்று யோசிக்கும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். ஹார்வர்டு உளவியலாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் ஐபோன் செயலி வழியாக 2,250 பேரிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனசு கையிலுள்ள வேலையில் இல்லை. ஓடியதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் நம் பாடு.

நான் வரிக்குக் கீழே ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்வேன். பத்தி முடிந்ததும் அது என்ன சொன்னது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டும் ஓரத்தில் பென்சில் புள்ளி. முடியவில்லையா, கடைசிப் புள்ளிக்குத் திரும்பி, இந்த முறை வாய்விட்டுப் படியுங்கள். விட்டுப்போன ஒற்று, 'பள்ளி' 'பல்லி' ஆனது எல்லாம் காதில் இடறும். ண-ன, ர-ற குழப்பங்கள் மட்டும் பெரும்பாலும் காதுக்கு அகப்படாது. அதற்குக் கண்தான் (எனக்குப் பிடிக்காத வேலை அது).

கேஸ் ஞாபகம் வந்தால் துண்டுச் சீட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள். போனில் குறிக்கப் போனால் அரைமணி நேரம் போச்சு. அப்புறம், எண்கள், பெயர்கள், படக்குறிப்புகளுக்குத் தனிச் சுற்று, காலையில்.