சோ செ-ஹியின் ‘குள்ளன்’ கதைகளைப் படிக்கும் முறை

தென்கொரிய எழுத்தாளர் சோ செ-ஹி 1975 முதல் தனித்தனியாக வெளியிட்டு 1978இல் ஒரே நூலாக்கிய ‘குள்ளன் ஏவிய சிறு பந்து’, ஒன்றோடொன்று பின்னிய பன்னிரண்டு கதைகளைக் கொண்டது. தலைப்புக் கதை நான்காவதாகவே வருகிறது; ஆவலில் அதை முதலில் புரட்டிவிடாமல் வரிசைப்படியே படியுங்கள்.

முதல் கதையில் கணித ஆசிரியர் ஒருவர், புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கிய இரு சிறுவரில் ஒருவன் முகம் கரியாகவும் மற்றவன் முகம் சுத்தமாகவும் இருந்தால் யார் முகம் கழுவுவான் என்று கேட்கிறார். மாணவர்கள் விடை சொல்லி முடித்ததும், ஒரே புகைபோக்கியில் இறங்கியவர்களில் ஒருவன் முகம் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்க முடியும் என்று கேள்வியையே கவிழ்த்துவிடுகிறார். இந்தப் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள்.

தலைப்புக் கதையைக் குள்ளரின் மூன்று பிள்ளைகளும் மாறி மாறிச் சொல்கிறார்கள். காலம் முன்னும் பின்னும் தாவும்போது ஆசிரியர் எந்த அடையாளமும் தருவதில்லை; ஆகவே பேசுவது யார், வீடு இடிபடுவதற்கு முன்னா பின்னா என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. வாக்கியங்கள் சிறியவை என்பதால் வேகமாக ஓடிவிடத் தோன்றும், அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

குள்ளரின் உயரம் 117 சென்டிமீட்டர், எடை 32 கிலோ. அவர் வாழும் பகுதியின் பெயரோ ‘சொர்க்க வட்டம், மகிழ்ச்சிப் பேட்டை’! இந்தக் கேலியைக் கடந்து சென்றால், இடிப்பு அறிவிப்பு வந்த வீட்டில் குடும்பம் கடைசியாகச் சாப்பிடும் காட்சி வரும். சுவர் உடைபடுகிறது, இவர்களோ சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுகிறார்கள். அழுகையோ வசையோ இல்லாத அந்த அமைதியை இரக்கக் காட்சியாக வாசித்தால் பாதி போய்விடும் என்பது என் எண்ணம், ஏனெனில் இங்கே அநீதி முறையான அரசாங்கக் காகிதத்தோடு வருகிறது. மூத்த மகன் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும்போது எதிர்ப்படும் பழைய அடிமைப் பத்திரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பிற்பகுதி ஆலைத் தொழிலாளரின் கதை. கடைசிக்கு முந்தைய கதையைச் சொல்பவன் முதலாளியின் மகன் என்பதால் எரிச்சல் வரும், ஆனாலும் தாண்டிவிடாதீர்கள். பின்னுரைக் கதையில் அந்தக் கணித ஆசிரியர் மீண்டும் வருகிறார். அதைத் தொடங்குமுன் புகைபோக்கிக் கேள்வியை மறுபடி ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.