வீட்டு முகப்புக்கு நிறம் மாறும் ஸ்மார்ட் விளக்கு: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கார்த்திகை நெருங்கினால் கடைகளில் நிறம் மாறும் விளக்குகளுக்குக் கூட்டம் கூடுகிறது. எல்லாப் பெட்டிகளிலும் "1.6 கோடி நிறங்கள்" என்று அச்சிட்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் வைத்துப் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. மலிவான விளக்கிலும் அது உண்டு. எனவே நிறத்தை விடுங்கள். வெளியே மாட்டும் விளக்குக்கு ஐப்பசி மழையைத் தாங்கும் உடம்பு வேண்டும்.

முதலில், விளக்கு வரப்போகும் இடத்தில் கைபேசியோடு நின்று, வாசற்கதவைச் சாத்திவிட்டு வைஃபை கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் விளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ஆகவே கைபேசியையும் அதிலேயே இணைத்துச் சோதியுங்கள். கேட் அருகே இணைப்பு விட்டுவிட்டு வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கும் அங்கே சரியாக வேலை செய்யாது. ரூட்டரை இடம் மாற்றுவதை முதலில் முடியுங்கள்.

அடுத்தது ஐ.பி. எண். தூசியையும் தண்ணீரையும் விளக்கு எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் இரண்டு இலக்க எண் இது. மற்ற எதையும்விட இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சன்ஷேடுக்கு அடியில், சாரல் மட்டும் படும் இடத்துக்கு 44 போதும். மழை நேராக அடிக்கும் கைப்பிடிச் சுவருக்குக் குறைந்தது 65. தண்ணீர் தேங்கக்கூடிய தரை விளக்குக்கு 67. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள்.

ஆனால் நீளப் பட்டையாக வரும் விளக்கில், பெட்டியில் உள்ள எண் பல நேரங்களில் எல்.இ.டி. பட்டைக்கு மட்டுமே உரியது. அடாப்டரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். அவற்றில் தனி எண் இல்லையென்றால் அவை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். என் வீட்டில் முதல் மழையிலேயே போனது அடாப்டர்தான். பட்டை இன்றும் எரிகிறது. பட்டையை வெட்டினால், வெட்டிய முனையைச் சிலிக்கோன் மூடியால் அடைக்காதவரை அந்த ஐ.பி. எண்ணுக்குப் பொருளில்லை.

நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 12 வோல்ட் பட்டை 5 மீட்டரைத் தாண்டினால் கடைசிப் பகுதி மங்கும். நீளமான முகப்புக்கு 24 வோல்ட் வாங்குவதே நல்லது.

வெள்ளைக்கென்று தனி எல்.இ.டி. சில்லு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் நீங்கள் போடப்போவது வெள்ளைதான். மூன்று நிறங்களைக் கலந்து வரும் வெள்ளையில் நீலச்சாயல் தெரியும். வெள்ளையின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். 2700 கெல்வின் வரை இறங்கும் இளமஞ்சள் வெள்ளை கண்ணுக்கு இதம். மழைக்குப் பின் ஈசலும் அதற்குக் குறைவாகவே வரும்.

மின்வெட்டுக்குப் பின் விளக்கு என்ன செய்யும்? பல விளக்குகள் மின்சாரம் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தால் எதிர்வீட்டாரும் விழித்துக்கொள்வார்கள். "முன்பிருந்த நிலைக்குத் திரும்பு" என்ற தெரிவு செயலியில் உண்டா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள்.

நிறுவனத்தின் சர்வரை நம்பியே இயங்கும் விளக்கு, அந்தச் சர்வர் நிறுத்தப்பட்டால் வெறும் விளக்காகிவிடும். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொதுத் தரமாக 2022இல் வெளியான மேட்டரை (Matter) ஏற்கும் விளக்குகளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயக்கலாம். விலை சற்றுக் கூடினாலும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

வாங்கியதும் சுவரில் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் எரியவிட்டு, மெயின் சுவிட்சைப் பலமுறை அணைத்துப் போட்டு, தானாக இணைகிறதா என்று பாருங்கள். மாட்டும்போது ஒட்டும் டேப்பை நம்பாமல் கிளிப்பும் திருகாணியும் போடுங்கள். மேற்குச் சுவரின் சூட்டில் பசை இளகிவிடும். ஒயர் பெட்டிக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளிப்புற இணைப்புக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.