ஊசிக்கு ஒரு கண்ணி: பின்னல்காரர்களுக்குப் பாட்டுப் போட்டி நடத்தும் முறை

ஜூன் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2005 முதல் உலகெங்கும் பின்னல்காரர்கள் வெளியே வந்து, நாலு பேர் பார்க்க உட்கார்ந்து பின்னும் நாள் அது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்போது குளிர் தட்டியிருக்கும், ஆயாமார் நூல்கண்டை வெளியே எடுத்திருப்பார்கள், ஆடியும் பிறந்திருக்காது. ஆடி வந்துவிட்டால் வாரக் கடைசியெல்லாம் மாரியம்மன் கஞ்சிக்குப் போய்விடும். போட்டிக்கு ஆள் சேராது. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குங்கள். ஜூனில் 5 மணி தாண்டினால் இருட்டு. கறுப்பு நூலில் பின்னுகிறவர்கள் அதற்கு முன்பே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போட்டி இதுதான்: ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு பின்னல் ஊசியைப் பற்றி இரண்டடிப் பாட்டு கட்டி வரவேண்டும். எந்த ஊசி என்று பெயர் சொல்லக்கூடாது. பாட்டைக் கேட்டு மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு பாட்டை இரண்டு முறை படிக்க ஒரு நிமிடம், ஊகிக்க இரண்டு நிமிடம், சண்டைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 48 நிமிடம் ஆகிவிடும்.

பாவகைக்குக் கண்ணியே போதும். வெண்பா என்று அறிவித்தால் தளை தட்டும் என்று பயந்து பாதிப் பேர் வரமாட்டார்கள். கண்ணியில் அடிக்கு நான்கு சீர், இரண்டே அடி, இரண்டாம் அடி எல்லாருக்கும் ஒரே சொல்லில் முடியும். தாயுமானவரின் பராபரக்கண்ணியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஓட்டம் காதிலேயே இருக்கும். அங்கே ‘பராபரமே’ என்று முடிவது இங்கே ‘ஊசியே’ என்று முடியட்டும். இரண்டு அடிகளின் முதல் சீரிலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். எதுகை இவ்வளவு இருந்தால் போதும், மோனை வந்தால் லாபம். மூங்கில் ஊசிக்கு ஒன்று (ஓசையைக் காட்டத்தான் இங்கே பெயர் வருகிறது, போட்டியில் வரக்கூடாது):

மூங்கிலிலே முளைத்தவளே முன்கோபம் அற்றவளே
தூங்கிவிழும் போதும்கண்ணி தொலைக்காத ஊசியே

மூங்கில் நூலைப் பிடித்து வைக்கும், கண்ணி, அதாவது ஊசியில் ஏறிய நூல் வளையம், தானாக வழுக்கி விழாது என்ற விஷயம் இரண்டாம் அடியில் இருக்கிறது. அதனால்தான் இது ஊசிப் பாட்டு. இப்போது கீழே உள்ளதைப் பாருங்கள்:

அழகான ஊசியே அன்பான ஊசியே
பழகிவந்த பாசமே பக்கத்து ஊசியே

எதுகை சரி, மோனை சரி, பாட்டு மட்டும் இல்லை. இதற்கொரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஊசியே’ வரும் இடத்தில் ‘கரண்டியே’ என்று போட்டுப் படியுங்கள். பாட்டு அப்படியே நின்றால் அது தோற்ற பாட்டு. நடுவர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, இப்படிப்பட்ட பாட்டு வரும்போது மேசையில் தட்டச் சொன்னால் கூட்டம் கலகலக்கும். பாடியவரும் அடுத்த முறை ஒழுங்காக எழுதிவருவார்.

அழைப்பு அனுப்பும்போதே விதியைச் சொல்லிவிடுங்கள்: பாட்டில் ஊசியைப் பற்றி மூன்று உண்மையான தகவல் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது தடவிப் பார்த்தோ அளந்தோ சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டடியில் மூன்று தகவல் அடங்காது என்பவர்கள் இரண்டு கண்ணி பாடலாம். எதை எழுதுவது என்று திணறுகிறவர்களுக்கு இந்தச் சரக்கெல்லாம் இருக்கிறது. அலுமினிய ஊசி வேகமானது, டிக்டிக்கென்று சத்தம் போடும். மேல்பூச்சு தேய்ந்தால் விரலிலும் வெளிர்நிற நூலிலும் சாம்பல் கறை ஏறும். பூச்சு தேய்ந்த பழைய எஃகு ஊசி டர்பன் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் எடை குறைவு, கனமான போர்வையைத் தாங்கினால் வளையும். மூங்கிலின் முனை நாளாவட்டத்தில் சிலிர்த்து நூலைப் பிரிக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மெழுகுத்தாளால் துடைத்தால் சரியாகும். வட்ட ஊசியில் இரண்டு முனையையும் இணைக்கும் வடம் சுருண்டு அடம் பிடித்தால் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு நீட்டிவிடலாம். இதை வைத்தே ஒரு கண்ணி:

தலையிரண்டு வாலொன்று தந்தவளே வெந்நீரில்
அலையலையாய்ச் சுருண்டவால் அவிழ்த்துவிட்ட ஊசியே

நூலையும் ஊசியையும் சேர்த்துப் பாடினால் இன்னும் சுவை. அங்கோரா ஆட்டு ரோமமான மொஹேரில், உலக விளைச்சலில் ஏறத்தாழப் பாதி தென்னாப்பிரிக்காவில்தான் விளைகிறது. மொஹேர் இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; வழுக்கும் உலோக ஊசியில் ஓடும், மூங்கிலில் தயங்கும். தப்பாகப் பின்னிவிட்டுப் பிரிக்கப் போனால் அழுகைதான். கொஞ்ச நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஓரளவு பிரியும். ஐஸ்க்ரீம் பக்கத்தில் ஸ்வெட்டர் என்று யாராவது பாடாமல் இருக்கமாட்டார்கள்.

அளவில்தான் பெரிய சண்டை வரும். ஆயாமார் பழைய ஆங்கில எண்ணில் பேசுவார்கள்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் இது தலைகீழ், அங்கே 8 என்றால் 5 மி.மீ. ‘எட்டாம் நம்பர்’ என்று பாட்டில் வந்தால் மூன்று பேர் மூன்று ஊசியைத் தூக்குவார்கள். தீர்ப்பு மில்லிமீட்டரில் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட்டில் பழைய எண் வரலாம், அது அழகும்கூட:

எட்டென்பாள் ஆயாவுன்னை நாலென்பாள் பேத்தியவள்
கட்டைவிரல் கறையாக்கும் சாம்பல்நிற ஊசியே

இதில் எண் இரண்டு, கறை, நிறம் எல்லாம் வந்துவிட்டன. ஊகிக்கிறவருக்கு அலுமினியம், 4 மி.மீ. என்று துல்லியமாகச் சொல்ல வழியிருக்கிறது.

சரிபார்க்க ஓட்டைபோட்ட ஊசி அளவுகோல் ஒன்று வேண்டும். ஊசியில் அச்சடித்த எண் தேய்ந்துபோயிருக்கும், அதை நம்பாதீர்கள். ஊசி ஓட்டைக்குள் அழுத்தாமல் போக வேண்டும், போனபின் ஆடக்கூடாது. கூர்முனையை நுழைத்துப் பார்த்துவிட்டு 3.75 என்று தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கமான தவறு. முனை எப்போதும் மெலிந்தே இருக்கும், உடல்பகுதி வரை உள்ளே தள்ளிப் பாருங்கள். ஊசிகளை வாசலிலேயே வாங்கி, எண் சீட்டுக் கட்டி, ஒரு தட்டில் துணி போட்டு மூடி வையுங்கள். நாற்காலியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நடுவர் மூவர்: பின்னத் தெரிந்த ஒருவர், எதுகை மோனை கேட்கத் தெரிந்த ஒருவர் (தமிழ் வகுப்பு நடத்தும் டீச்சர் யாராவது இருப்பார்), இரண்டும் தெரியாத ஒருவர். மூன்றாமவர் சிரித்தால்தான் பாட்டு எல்லாருக்கும் எட்டியது என்று அர்த்தம். மொத்தம் 10 மதிப்பெண். தகவலுக்கு 4, ஓசைக்கு 3, சிரிப்புக்கு 2, கூட்டம் சரியாகக் கண்டுபிடித்தால் பாடியவருக்கு 1. கண்டுபிடித்தவருக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், ஒரு வடை கொடுங்கள். மதிப்பெண் கொடுத்தால் அக்காவும் தங்கையும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வருவார்கள்.

இளையவர்களுக்குத் தமிழ் எழுத்து தடையாக இருக்கலாம். வாயால் பாடினால் போதும். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படித்தாலும் சரி. ‘எம்எம்’, ‘வுல்’, ‘நிட்’ எல்லாம் பாட்டில் வரட்டும், எதுகை மட்டும் தமிழ்ச் சொல்லில் விழ வேண்டும் என்று ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

குரோஷாக்காரர்கள் கட்டாயம் வருவார்கள். அவர்களுடையது கொக்கி. திருப்பி அனுப்பினால் மனஸ்தாபம், சேர்த்துக்கொண்டால் விதி குழம்பும். ‘கொக்கியே’ என்று முடியும் தனிச்சுற்று ஒன்று வைத்து அவர்களை முதலில் பாடவிட்டுவிடுங்கள்.

இரண்டாம் சுற்று அங்கேயே கட்டுவது. போனில் யாரிடமோ எழுதி வாங்கி வந்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஈற்றடியின் முடிவை மட்டும் கொடுத்து 12 நிமிடம் விடுங்கள். ‘இன்னொன்று எங்கேடி ஊசியே’, ‘உட்கார்ந்தால் தெரியுதடி ஊசியே’, ‘ஒருகண்ணி குறையுதடி ஊசியே’ என்ற மூன்றில் எதையும் எடுக்கலாம். இந்தச் சுற்றில் பாட்டு கட்டும்போது கை நிற்கக்கூடாது; பின்னிக்கொண்டே யோசிக்க வேண்டும். ஊசியைக் கீழே வைத்தால் ஒரு மதிப்பெண் போச்சு. பாட்டு நன்றாக வந்தவருக்குப் பின்னல் கோணும், பின்னல் நேராக வந்தவருக்குப் பாட்டு கோணும். இரண்டும் நேராக வந்தால் நடுவர் அவர் மடியில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அந்த நேரத்தில் பின்னுவதற்கு எல்லாருக்கும் ஒரே வேலை கொடுங்கள்: 20 செ.மீ. சதுரம். டபுள் நிட் என்னும் நடுத்தரப் பருமன் நூல், 4 மி.மீ. ஊசி, 40 கண்ணி ஏற்றி எல்லா வரிசையும் நேர்ப்பின்னல். இறுக்கமாகப் பின்னுகிறவர்கள் 44 ஏற்றட்டும். வரிசை எண்ண வேண்டாம். மூலைக்கு மூலை மடித்துப் பார்த்து, முக்கோணத்தின் இரண்டு ஓரமும் பொருந்தினால் முடித்துவிடலாம். அன்று மாலைக்குள் ஒன்றே முடிவது கஷ்டம். ஆளுக்கு மூன்று என்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் 12 பேரிடமிருந்து 36 வரும். ஐந்தும் ஏழுமாக 35 சதுரத்தைச் சேர்த்தால் 100க்கு 140 செ.மீ. போர்வை. ஜூலை 18 மண்டேலா நாளுக்குக் கொடுக்க இன்னும் ஏறத்தாழ ஐந்து வாரம் கையில் இருக்கும். ஜூலை முதல் வாரத்துக்குள் சதுரங்களை வாங்கிவிடுங்கள், ஏனென்றால் தைத்துச் சேர்ப்பதற்குப் பின்னுவதைவிடப் பொறுமை வேண்டும். கோணலாக வந்த ஒன்றை அந்த 36ஆவதாக ஒதுக்கிவிடுங்கள். யாருடையது என்று அறிவிக்க வேண்டாம்.